மேக்கில் பழகிய கைக்கு எந்த விண்டோஸ் மடிக்கணினி பொருந்தும்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் மாதிரி வடிவமைப்புப் பிரிவைக் கவனித்து வருகிறேன். 2012 முதல் மேக் மடிக்கணினிகளை மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது கையில் இருப்பது 8 ஜிபி நினைவகம் கொண்ட எம்1 மேக்புக் ஏர். எங்கள் நிறுவனம் பேட்டர்ன் (ஆடைத் துண்டுகளின் வெட்டு வடிவம்) வேலை முழுவதையும் விண்டோஸில் மட்டும் இயங்கும் கேட் (கணினிவழி வடிவமைப்பு) மென்பொருளுக்கு மாற்றிவிட்டது; அதன் உரிமம் ஒரு யுஎஸ்பி டாங்கிளில், அதாவது செருகினால்தான் மென்பொருள் திறக்கும் சிறு கருவியில், இருக்கிறது. கணவருடைய ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு டேலியும் நான்தான் பார்க்கிறேன். ரூ.1.25 லட்சம் வரை செலவிடலாம். கோவையில் மூன்று கடைகளில் பார்த்துவிட்டேன். தொட்டதெல்லாம் அமுக்கினால் நெகிழ்கிறது, மூடியைத் திறந்தால் ஆடுகிறது. ஒரு கடைக்காரர் முழுக்க அலுமினியத்தில் வந்த மெல்லிய மாடல் ஒன்றைக் காட்டி, மேக்குக்கு நிகரானது இதுதான் என்றார். அதை வாங்கலாமா? அல்லது இருக்கும் மேக்கிலேயே விண்டோஸை ஏற்றிச் சமாளிக்கலாமா?
– வாசகி, அவிநாசி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கோவையைச் சுற்றியுள்ள மில்களுக்கும் பவுண்டரிகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் கணினிகளைத் தேர்ந்து கொடுப்பதும், அவை பழுதாகி வரும்போது திறந்து பார்ப்பதும் என் தொழில். மேக்கிலிருந்து விண்டோஸுக்கு வருபவர்கள் எல்லோரும் உங்களைப் போலவே முதலில் கையால் அழுத்திப் பார்த்துத்தான் மனம் தளர்கிறார்கள். உங்கள் கை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கை பத்தாண்டுக்கும் மேலாக ஒரே ஒரு வகைக் கட்டுமானத்தை மட்டுமே அறிந்திருக்கிறது என்பதையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலிருந்துதான் மற்றவை தொடங்குகின்றன. இன்டெல் சில்லு இருந்த பழைய மேக்குகளில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸை நேரடியாகவே நிறுவிக்கொள்ள முடிந்தது. 2020 நவம்பரில் எம்1 வந்தபோது அந்த வழி அடைபட்டது. இப்போது இருப்பது பேரலல்ஸ் போன்ற மென்பொருளுக்குள் விண்டோஸ் 11-இன் ஆர்ம் பதிப்பை (எம்1 போன்ற ஆர்ம் வகைச் சில்லுகளுக்கானது) இயக்கும் வழி. 2023-இல் மைக்ரோசாஃப்ட்டும் இதற்கு முறைப்படி ஒப்புதல் தந்தது. அந்த ஆர்ம் விண்டோஸ், இன்டெல் கணினிக்காக எழுதப்பட்ட சாதாரண மென்பொருள்களைத் தானே மொழிமாற்றி ஓட்டிவிடும். ஆனால் டாங்கிள், பிளாட்டர் (பேட்டர்னைத் தாளில் வரையும் இயந்திரம்) போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களை அது அப்படி மொழிமாற்றாது. அவை ஆர்முக்கென்றே தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கேட் மென்பொருளின் உயிரே அந்த டாங்கிளில் இருப்பதால், மென்பொருள் நிறுவனம் ஆர்ம் டிரைவர் தருகிறோம் என்று எழுத்தில் உறுதி சொன்னாலொழிய இந்த வழியில் இறங்க வேண்டாம். தவிரவும் 8 ஜிபி நினைவகத்தை இரண்டு இயங்குதளங்களுக்குப் பங்கிட்டால் இரண்டுமே மூச்சுத் திணறும்.

இதே காரணத்தால், 2024 நடுவில் வந்த, ஆர்ம் வகையான ஸ்னாப்டிராகன் எக்ஸ் சில்லு கொண்ட விண்டோஸ் மடிக்கணினிகளையும் நீங்கள் தவிர்க்க வேண்டியிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கே வருத்தம்தான். சூடாகாமல் இருப்பதிலும், மின்கலம் நாள் முழுவதும் தாங்குவதிலும், மூடித் திறந்தவுடன் விழித்துக்கொள்வதிலும் உங்கள் மேக்புக் ஏருக்கு மிக அருகில் வருபவை அவைதான். எழுத்து வேலையும் இணைய வேலையும் மட்டும் செய்பவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். டாங்கிளும் பிளாட்டரும் உள்ள இடத்துக்கு அவை ஆகாது. இன்டெல் அல்லது ஏஎம்டி சில்லு என்பதை முதல் முடிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உறுதியைப் பற்றி. ஆப்பிள் 2008 அக்டோபரில் யூனிபாடி முறையை மேக்புக்குகளில் கொண்டுவந்தது. ஓர் அலுமினியக் கட்டியை எடுத்து, வேண்டாத பகுதியை எல்லாம் சிஎன்சி இயந்திரத்தில் கடைந்து நீக்கி, எஞ்சியதையே உடலாக்குவது அதன் முறை. பம்ப் பாகங்களை வார்த்தும் கடைந்தும் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு அதன் அருமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை; ஒரே துண்டில் இணைப்புகள் இல்லை, இணைப்பு இல்லாத இடத்தில் ஆட்டமும் இல்லை. ஆனால் கடைகளில் "முழு அலுமினியம்" என்று சொல்லி விற்கப்படும் விண்டோஸ் மாடல்கள் எல்லாம் அப்படிச் செய்யப்பட்டவை அல்ல. பலவற்றில் மெல்லிய அலுமினியத் தகட்டை அச்சில் அழுத்தி வடிவமைத்து, உள்ளே பிளாஸ்டிக் சட்டத்தின் மீது ஒட்டியிருப்பார்கள். தொட்டால் குளிர்ச்சி ஒன்றுதான், உள்ளே இருக்கும் எலும்பு வேறு.

இன்னொரு பக்கம், வளைவதெல்லாம் பலவீனமும் அல்ல. தொழில்முறைப் பயன்பாட்டுக்கென்று செய்யப்படும் மடிக்கணினிகளில் மக்னீசியக் கலவை, கார்பன் நார், கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறார்கள். மக்னீசியம் அலுமினியத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்தது. நார் கலந்த பிளாஸ்டிக் அமுக்கினால் சற்று இறங்கும், கையை எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். அலுமினியமோ அடிபட்டால் குழிந்தபடியே நின்றுவிடும். கட்டிங் டேபிள் உயரத்திலிருந்து ஒரு மூலை தரையில் பட விழுந்த இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். பார்வைக்கு அழகாக இருந்தது எது என்பதும், மறுநாள் வேலைக்கு வந்தது எது என்பதும் ஒன்றாக இருக்கவில்லை. எனவே கடையில் விசைப்பலகையின் நடுவில் அமுக்கிப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

அமுக்கிப் பார்க்க வேண்டிய இடம் கீல். என் மேசைக்கு உடைந்து வரும் மலிவான மடிக்கணினிகளில் நான் திரும்பத் திரும்பக் காணும் பழுது ஒன்று உண்டு: கீலைப் பிடித்திருக்கும் திருகாணிகள், சிறு பித்தளை நட்டுகள் வழியாக மெல்லிய பிளாஸ்டிக் தூண்களில் இறக்கப்பட்டிருக்கும், ஓராண்டு, இரண்டாண்டு திறந்து மூடியதும் கீல் இறுகி, அந்த நட்டுகளைத் தூணோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அப்போது மூடியின் ஓரம் வாய் பிளந்தாற்போல விரியும். மேலே அலுமினியத் தகடு ஒட்டியிருந்தாலும் இதுதான் நேரும், ஏனென்றால் கீல் பிடித்திருப்பது தகட்டை அல்ல. ஆகவே கடையில் மூடியை ஒரு மூலையில் மட்டும் பிடித்து மெதுவாகத் திறந்து பாருங்கள். மறுமூலை பின்தங்காமல் கூடவே எழ வேண்டும், முறுக்குச் சத்தம் கேட்கக் கூடாது, கீலின் அருகே கீழ்ப்பகுதி மேலெழும்பக் கூடாது. திறந்த மூடி தட்டச்சு செய்யும்போது சற்று ஆடினால் அது எரிச்சல் மட்டுமே. கீல் அடியில் பிளாஸ்டிக் முனகினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

கடைக்காரர் காட்டிய மாடலின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் அது வீட்டுப் பயனர்களுக்கான வரிசையில் வரும் மெல்லிய மாடல் என்று உங்கள் வருணனையிலிருந்து ஊகிக்கிறேன். அந்த வரிசையை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நிறுவனங்களுக்கென்று தயாரிக்கப்படும் வரிசையிலிருந்துதான் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். லெனோவோவில் திங்க்பேட், ஹெச்பியில் எலைட்புக், டெல்லில் முன்பு லாட்டிட்யூட் என்று அழைக்கப்பட்டு 2025 முதல் டெல் ப்ரோ என்ற பெயரில் வரும் வரிசை ஆகியவை அவை. திங்க்பேட் 1992-இல் ஐபிஎம் தொடங்கிய வரிசை. 2005-இல் லெனோவோ அந்தத் தொழிலை வாங்கிய பிறகும் அதன் அடிப்படைக் குணம் தொடர்கிறது. ஒரு நிறுவனம் ஐந்நூறு கணினிகளை மூன்றாண்டு உத்தரவாதத்தோடு வாங்கும்போது, அந்த மூன்றாண்டுப் பழுதுச் செலவும் தயாரித்தவர் தலையில்தான் விழுகிறது. அதனால் எளிதில் திறக்கும்படியும், மின்கலத்தையும் விசைப்பலகையையும் விசிறியையும் தனித்தனியாக மாற்றும்படியும் வடிவமைப்பதில் அவருக்கே ஆதாயம் இருக்கிறது. பழுதுபார்ப்புக் கையேடுகளை இந்த மூன்று நிறுவனங்களும் இணையத்தில் எல்லோருக்கும் வெளியிடுகின்றன. 2024-இல் வந்த ஐந்தாம் தலைமுறை திங்க்பேட் டி14-க்கு, பழுதுபார்க்கும் எளிமையை மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் 10-க்கு 9 மதிப்பெண் தந்தது. நன்றாகக் கட்டப்பட்ட மடிக்கணினி என்று நான் சொல்வது இதைத்தான். ஐந்தாம் ஆண்டில் மின்கலம் தளர்ந்தால் அரை மணி நேரத்தில் மாற்றிக்கொண்டு மறுபடி வேலைக்கு உட்கார முடிய வேண்டும்.

விளம்பரங்களில் "ராணுவத் தரச் சோதனை" என்று ஒரு வரி வரும். மில்-எஸ்டிடி-810ஹெச் என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளைத் தொகுத்த ஆவணம். அதில் எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்பதை உற்பத்தியாளரே தேர்ந்துகொள்ளலாம், அதற்கென்று அதிகாரப்பூர்வமாகச் சான்றிதழ் தரும் அமைப்பு எதுவும் இல்லை. அந்த வரி இருப்பது தவறில்லை, அதை மட்டும் நம்பி வாங்குவதுதான் தவறு.

உங்கள் தொழிலுக்குத் திரை மிக முக்கியம் என்பதால் இங்கே சற்று நின்று பேச வேண்டும். மேக் வாங்கும்போது திரையைப் பற்றி நீங்கள் யோசித்தே இருக்க மாட்டீர்கள்; இப்போதைய மாடல்களில் எதை வாங்கினாலும் நல்ல திரை வந்துவிடும். விண்டோஸ் உலகில் அப்படி இல்லை. ஒரே பெயர், ஒரே உடல், ஒரே விலைக்கு அருகில் இருக்கும் இரண்டு மடிக்கணினிகளில் ஒன்றில் நிறம் வெளுத்த திரையும் மற்றொன்றில் நல்ல திரையும் இருக்கும். விவரத் தாளில் "45% என்டிஎஸ்சி" என்று இருந்தால், அது இணையத்திலும் வடிவமைப்பிலும் அடிப்படையாகக் கொள்ளப்படும் எஸ்ஆர்ஜிபி வண்ண எல்லையில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொடாத திரை. அதில் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும், ஆரஞ்சும் சிவப்பும் நெருங்கி நிற்கும். நீங்கள் பிரிண்ட் ஆர்ட்ஒர்க் பார்ப்பவர். பையர் அனுப்பிய டெக் பேக்கில் (ஆடையின் விவரத் தொகுப்பில்) உள்ள இரண்டு சிவப்புகள் உங்கள் திரையில் ஒன்றாகத் தெரிந்தால் சாம்பிள் அடித்து முடித்த பிறகுதான் தவறு புலப்படும். "100% எஸ்ஆர்ஜிபி" என்று எழுதியிருப்பதை மட்டுமே வாங்குங்கள். வெளிச்சம் 400 நிட்ஸுக்குக் குறையக் கூடாது; உங்கள் எம்1 ஏரில் இருப்பதும் அதுவே. சாயத்தின் ஷேடுக்கு ஒப்புதல் தருவது எப்போதும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 போன்ற வெளிச்சத்தின் கீழ்த் துணியை வைத்துத்தான் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எவ்வளவு நல்ல திரை வாங்கினாலும் அதை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

கூர்மையில் நீங்கள் ஒரு படி இறங்க நேரும். 13 அங்குல மேக்புக் ஏர் திரையில் அங்குலத்துக்கு 227 புள்ளிகள். 1920-க்கு 1200 புள்ளிகள் கொண்ட 14 அங்குலத் திரையில் ஏறத்தாழ 162. முதல் வாரம் எழுத்துகளின் ஓரம் சொரசொரப்பாகத் தெரியும், பிறகு கண் பழகிவிடும். அதைவிட, உயரமான 16-க்கு 10 விகிதம் இருப்பது முக்கியம். பழைய 16-க்கு 9 திரையில் பேட்டர்ன் சாளரத்தின் கருவிப்பட்டைகள் போக மீதி இடம் ஒரு பட்டையாகத்தான் எஞ்சும்.

அடுத்தது டச்பேட். மேக்கிலிருந்து வருபவர்கள் மாதக்கணக்கில் குறைப்படுவது உடலைப் பற்றி அல்ல, இதைப் பற்றித்தான். 2015 முதல் ஆப்பிளின் டச்பேட் உண்மையில் அழுங்குவதே இல்லை. விரலின் அழுத்தத்தை உணர்ந்து சிறு அதிர்வைத் தருகிறது, அதனால் எந்த மூலையில் அழுத்தினாலும் ஒன்றுபோல இருக்கிறது. பெரும்பாலான விண்டோஸ் மடிக்கணினிகளின் டச்பேட் மேல்விளிம்பில் கீல் வைத்த பலகை போன்றது. கீழ்ப்பக்கம் இலேசாக அழுங்கும், மேலே போகப் போகக் கடினமாகும். அதிர்வுணர்வு டச்பேட் உள்ள விண்டோஸ் மாடல்களும் இருக்கின்றன, உங்கள் தொகைக்குள் அவை அரிது. கடையில் இப்படிச் சோதியுங்கள்: ஒரு நீண்ட விரிதாளைத் திறந்து இரு விரலால் மிக மெதுவாக உருட்டுங்கள்; பக்கம் தாவாமல் விரலோடு நகர வேண்டும். ஒரு கோப்பைப் பிடித்துத் திரையின் மறுமூலை வரை இழுங்கள். அமைப்புகளில் மூன்று விரல், நான்கு விரல் சைகைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது விண்டோஸே கையாளும் ப்ரிசிஷன் வகை. உருட்டும் திசை தலைகீழாகத் தோன்றினால் அதே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். திங்க்பேட்டின் விசைப்பலகை நடுவில் இருக்கும் சிவப்புப் புள்ளியை முதலில் நீங்கள் விரும்ப மாட்டீர்கள், ஆனால் பேட்டர்னில் ஒரு புள்ளியை நூலளவு நகர்த்தும் வேலைக்கு அது மிக நன்றாக உதவும் என்பது என் அனுபவம். எப்படியும் கேட் வேலைக்கு மவுஸ் வைத்துக்கொள்வீர்கள்.

மூடியை மூடிப் பையில் வைத்துவிட்டு மறுநாள் திறக்கும் பழக்கம் மேக் தந்த சொகுசு. இன்றைய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவும் தூங்கும்போது முழுவதும் தூங்காமல், மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற அரைத்தூக்கத்தில் இருக்கின்றன. இடையில் விழித்து ஏதாவது வேலை பார்க்கத் தொடங்கினால் பைக்குள்ளேயே சூடேறி மின்கலம் தீர்ந்திருக்கும். இது பழுதல்ல என்பதால் சர்வீஸுக்குக் கொடுத்தாலும் சரியாகாது. கண்ட்ரோல் பேனலில் மின்சார அமைப்புகளுக்குச் சென்று, மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி (திறந்திருப்பதை வட்டில் எழுதிவிட்டு முழுவதும் அணையும்படி) மாற்றிவிடுங்கள். திறக்கும்போது சில நொடிகள் கூடுதலாகும், ஆனால் அவிநாசியிலிருந்து கோவைக்குப் பேருந்தில் வரும்போது பை சுடாது.

இப்போது, திருப்பூரில் வேலை செய்பவருக்கு மட்டும் சொல்ல வேண்டிய ஒன்று. உங்கள் மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. இத்தனை ஆண்டுகளில் நிட்டிங் பக்கமும் கட்டிங் பக்கமும் அதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள், பஞ்சு அதன் உள்ளே போக வழியே இருந்திருக்காது. இனி வாங்கப்போவதில் விசிறி இருக்கும், அது அடிப்பக்கத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்துப் பக்கவாட்டில் வெளியேற்றும். பனியன் கம்பெனிகளிலிருந்து வரும் மடிக்கணினிகளைத் திறந்தால், விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் பஞ்சு ஒரு மெத்தைத் துண்டு போலப் படிந்திருக்கும். அதை அப்படியே சாமணத்தால் உரித்தெடுக்கலாம். காற்று அடைபட்டதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், மடிக்கணினி மெதுவாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். துணிக்கட்டின் மேலோ மடியில் துப்பட்டாவின் மேலோ வைக்காதீர்கள். மேசைமீது ஒரு ஸ்டாண்டில் வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். திங்க்பேட் போன்றவற்றில் சாதாரண ஸ்டார் (ஃபிலிப்ஸ்) திருப்புளியே போதும், மேக்கைப் போலத் தனிவகைத் திருப்புளி தேட வேண்டியதில்லை. ஒரு வேண்டுகோள்: தையல் இயந்திரங்களை ஊதும் ஏர் கன்னால் இதை ஊதிவிடாதீர்கள், யாரையும் ஊதவும் விடாதீர்கள். கம்ப்ரசர் காற்றில் ஈரமும் எண்ணெயும் இருக்கும். அதன் வேகத்தில் விசிறி அளவுக்கு மீறிச் சுழன்று தாங்கி கெடும். விசிறியை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் துடைத்தால் போதும்.

அலுமினிய உடலைப் பற்றி இன்னொன்று. இரண்டு முள் சார்ஜரில் இணைத்திருக்கும்போது மேக்கின் மேற்பரப்பில் விரலை இழுத்தால் ஒரு நுண்ணிய அதிர்வு போல உணர்ந்திருப்பீர்கள். அது எர்த் இல்லாத சார்ஜரின் சிறு கசிவு. நிறுவன வரிசை மடிக்கணினிகள் பலவற்றின் சார்ஜர் மூன்று முள் கொண்டது. உங்கள் யூனிட்டில் எர்த் ஒழுங்காக இருந்தால் அந்த உறுத்தல் இராது. ஜெனரேட்டருக்கும் லைனுக்கும் மாறி மாறி ஓடும் இடமாக இருந்தால் நல்ல சர்ஜ் பாதுகாப்பு உள்ள பலகையில்தான் இணையுங்கள்.

சில்லைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இரு பரிமாண பேட்டர்ன், மார்க்கர் (துணியில் துண்டுகளை அடுக்கும் வரைபடம்), டேலி, இல்லஸ்ட்ரேட்டர் ஆகியவற்றுக்கு இப்போது வரும் கோர் அல்ட்ரா 5 அல்லது ரைசன் 5 ப்ரோ தாராளம். தனி கிராஃபிக்ஸ் அட்டை தேவையில்லை, கேமிங் மடிக்கணினியும் தேவையில்லை. ஆடையை உருவத்துக்கு அணிவித்துப் பார்க்கும் முப்பரிமாண மென்பொருள் உங்கள் நிறுவனத்தில் வரப்போகிறதென்றால் மட்டும் அது வேறு கணக்கு, அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள். நினைவகம் 32 ஜிபி இருப்பது நல்லது. தொகை இடிக்கிறதென்றால் 16 ஜிபியோடு வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு நினைவக அட்டையைச் செருகும் ஸ்லாட் இருக்க வேண்டும். மேற்சொன்ன டி14-இல் இரண்டு ஸ்லாட்டுகள் உண்டு. அதைவிட மெல்லிய எக்ஸ்1 கார்பனில் நினைவகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வகையில் அது சில்லோடு சேர்ந்தே வருகிறது, 16 அல்லது 32 என்று வாங்கும்போது எடுத்ததுதான் கடைசிவரை. விண்டோஸ் 11 ப்ரோ பதிப்பாக இருக்கட்டும். வட்டை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை முதல் நாளே அச்செடுத்துப் பீரோவில் வைத்துவிடுங்கள்; மதர்போர்டு மாற்ற நேர்ந்தால் அந்த எண் இல்லாமல் உங்கள் கோப்புகளை யாராலும் திறக்க முடியாது.

என் முடிவைக் கேட்டால், 100% எஸ்ஆர்ஜிபி திரை போட்ட திங்க்பேட் டி14-ஐ முதலில் சொல்வேன். உள்ளமைப்பைப் பொறுத்து 1.3 முதல் 1.5 கிலோ வரை இருக்கும். உங்கள் ஏர் 1.29 கிலோ, எனவே பையின் எடையில் பெரிய மாறுதல் தெரியாது. கையில் எடுத்தால் அது மேக் போல இருக்காது, பார்வைக்குக் கறுப்புப் பெட்டிதான், ஆனால் விசைப்பலகை உங்கள் மேக்கைவிட ஆழமாக அழுங்கும், தட்டச்சு செய்ய இதமாக இருக்கும். உலோகத்தின் குளிர்ச்சி கையில் இருந்தே ஆக வேண்டும் என்று மனம் சொன்னால், ஹெச்பியின் எலைட்புக் 800 வரிசையையும் அதற்கு அடுத்து வந்த எலைட்புக் 8 வரிசையையும் பாருங்கள். அலுமினியத்தை அவர்கள் பொறுப்பாகவே கையாள்கிறார்கள். கடை அலமாரியில் இவை பெரும்பாலும் இராது. காந்திபுரத்தில் நிறுவனங்களுக்கு விற்கும் முகவர்களிடம் கொட்டேஷன் கேளுங்கள்.

கேட்கும்போது மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது, முழுப் பாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணை வைத்து, திரை எந்த வகை, நினைவகம் எப்படி, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். உத்தரவாதம் மூன்றாண்டு ஆன்சைட் ஆக இருக்கட்டும். ஓராண்டுதான் உள்ளதென்றால் வாங்கும்போதே நீட்டித்துக்கொள்ளுங்கள். ஆள் நேரில் வரும் சேவை உங்கள் பின்கோடுக்கு உண்டா, கோவைக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா என்பதையும் பணம் கட்டுமுன் எழுத்தில் பெறுங்கள். மின்கலத்துக்கு வழக்கமாக ஓராண்டு மட்டுமே உத்தரவாதம் என்பதால், எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் நாட்களில் 80 விழுக்காட்டோடு நிறுத்தும் அமைப்பைப் போட்டுவையுங்கள். நிறுவனத்தின் அல்லது யூனிட்டின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டால் 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க வாய்ப்பு உண்டு; உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தத் தொகையில் நல்ல திரையும் நீட்டித்த உத்தரவாதமும் அடங்கிவிடும்.

கோப்புகளை மாற்றும்போது ஒரு சிக்கல் உங்களுக்கென்றே காத்திருக்கிறது. மேக்கில் கோப்பின் பெயரில் சாய்கோடு வைக்கலாம். "எஸ்/எஸ் 26" என்று சீசனைக் குறித்துப் பெயரிட்ட கோப்புறைகள் நிறைய வைத்திருப்பீர்கள். விண்டோஸில் சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி எதையும் பெயரில் ஏற்காது. மேக்கில் இருக்கும்போதே அவற்றையெல்லாம் சிறு கோடாக மாற்றிவிட்டுப் பிறகு நகலெடுங்கள். நகலெடுக்கும் வட்டு எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கட்டும், இரண்டிலும் படிக்கும், எழுதும். நம்பர்ஸ், பேஜஸ் கோப்புகளை எக்செல், வேர்டு வடிவில் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். தமிழ் தட்டச்சில் கவலை வேண்டாம். தமிழ்99 விண்டோஸிலேயே இருக்கிறது, எழுத்துரு மட்டும் நிர்மலா என்று வேறாகத் தெரியும். கமாண்ட் விசைக்குப் பழகிய கட்டைவிரலுக்காக விசைகளை இடம் மாற்றித் தரும் பவர்டாய்ஸ் என்ற இலவச மென்பொருளை மைக்ரோசாஃப்ட் தருகிறது. நீங்கள் அலுவலகத்தில் மற்றவர் கணினிகளிலும் உட்கார வேண்டியவர் என்பதால் அதைப் போடாமல் இரண்டு வாரம் பொறுத்துப் பழகிவிடுவதே மேல் என்று எனக்குப் படுகிறது.

பழைய மேக்கை இப்போதைக்கு விற்றுவிடாதீர்கள். கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் ஒரு தொகை சொல்வார், அது ஆசை காட்டும். மேக்கின் டைம் மெஷின் எடுத்துவைத்த காப்புப் பிரதிகளை விண்டோஸ் கணினியால் நேரடியாகத் திறக்க முடியாது. இந்த சீசனில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டைல்கள் எல்லாம் ஷிப்மென்ட் ஆகி, பழைய கோப்பு ஒன்றையும் தேடாமல் மூன்று மாதம் கழியும்வரை அது மேசையின் ஓரத்திலேயே இருக்கட்டும்.